முதல்முறை நாய்ச் சறுக்குவண்டி: எதை முதலில் அவிழ்ப்பது?

கேள்வி: நாலு நாய் பூட்டிய வண்டி. கிளம்பும்போது, வண்டியை நிறுத்திவைக்கப் பனியில் குத்திய கொக்கியா, மரத்தில் கட்டிய கயிறா, எது முதலில்?

பதில் 1: இரண்டு காலையும் பிரேக்கில் ஊன்றுங்கள். பனிக்கொக்கியைப் பிடுங்கி அதன் உறையில் செருகுங்கள். தொங்கவிட்டால் காலைக் கிழிக்கும். மரத்தில் கட்டிய கயிற்றைக் கடைசியில்தான் விடுவிக்கணும். 'ஹைக்' (ஓடு) என்று கத்தவே வேண்டியிருக்காது, பிரேக்கை விட்டாலே பறக்கும்.

பதில் 2: இறக்கத்தில் இழுவை விரிப்பை (வேகம் குறைக்க வண்டியின் பின்னால் இழுபடும் விரிப்பு) மிதியுங்கள். நாய்களை வண்டியோடு இணைக்கும் நடுக்கயிறு தொய்ந்தால் வண்டி பின்ஜோடி நாய்களின் காலில் மோதும். நாய்களைத் திருப்பும் கட்டளைகள்: 'ஜீ' வலம், 'ஹா' இடம்.

பதில் 3: கவிழ்ந்தாலும் கைப்பிடியை விடாதீங்க. நாய்கள் உங்களுக்காக நிற்காது.

கேள்வி: நிறுத்தினால் கொக்கியை எங்கே போடுவது?

பதில் 1: கெட்டிப்பனியில், குதிகாலால் மிதித்து இறக்குங்கள். பொடிப்பனியில் பிடிக்காது.