ஸ்நாப்ஷாட் மேனேஜர் காலி, ஃபோல்டரில் மட்டும் 155 ஜிபி: அழிக்கலாமா?

புதுசர்வர்:
வணக்கம். இஎஸ்எக்ஸ்ஐ 7 (விஎம், அதாவது மெய்நிகர் கணினிகளை ஓட்டுற மென்பொருள்), இரண்டு ஹோஸ்ட், ரெண்டுக்கும் பொதுவா ஒரு விஎம்எஃப்எஸ் 6 டேட்டாஸ்டோர் (விஎம் ஃபைல்களை வைக்கிற இடம்). 1 டிபியில் 38 ஜிபிதான் மிச்சம். ஃபைல் சர்வர் விஎம் ஃபோல்டரில் 400 ஜிபி ஃபிளாட் விஎம்டிகே, அதாவது விஎம்மோட டிஸ்க் ஃபைல், இருக்கு (முழு இடத்தையும் முன்கூட்டியே எடுத்துக்கிற திக் டிஸ்க், தேதி மார்ச்சோட நிக்குது). கூடவே ஸ்நாப்ஷாட் (விஎம்மோட அந்த நேரத்து நிலையைப் பிடிச்சு வைக்கிறது) எடுத்தா வர்ற ஃபைல் ரெண்டு: 000001 எஸ்இஸ்பார்ஸ் 90 ஜிபி, 000002 எஸ்இஸ்பார்ஸ் 65 ஜிபி. ஸ்நாப்ஷாட் மேனேஜரைத் திறந்தா ஒண்ணுமே இல்ல. இது போக, எனக்கு முன்னாடி இருந்தவர் விட்டுட்டுப் போன 120 ஜிபி ஃபோல்டர் ஒண்ணு. இன்வென்டரியில (பதிவான விஎம் பட்டியல்) அந்தப் பேரே இல்ல. எதை அழிக்கலாம்? ராத்திரிக்குள்ள நிரம்பிடுமோன்னு பயமா இருக்கு.

வேகம்:
மார்ச்சுக்கு அப்புறம் யாரும் தொடாத ஃபைல்தானே? அதைத் தூக்குங்க, 400 ஜிபி கிடைக்கும்.

பழையகை:
ஐயோ, கை வைக்காதீங்க! ஸ்நாப்ஷாட் எடுத்த நிமிஷத்துலேர்ந்து மூல டிஸ்க்கில எழுதுறது நின்னுடும். புதுசா எழுதுறதெல்லாம் 000001, 000002-லதான் போகும். தேதி மார்ச்சுல நிக்கிறதுக்கு அதுதான் காரணம். மார்ச் வரைக்கும் உள்ள டேட்டா மொத்தமும் அந்த ஃபிளாட் ஃபைல்லதான் இருக்கு. விஎம் ஓடும்போது லாக் இருக்கும், அழிய விடாது. ஆஃப் பண்ணிட்டு அழிச்சா சத்தமில்லாமப் போயிடும்.

மேனேஜர் காட்டுற பட்டியல் விஎம்எஸ்டி ஃபைல்லேர்ந்து வருது. அது காலின்னா ஸ்நாப்ஷாட் சங்கிலி (ஒண்ணு மேல ஒண்ணா தொங்குற டிஸ்க் ஃபைல்கள்) இல்லன்னு அர்த்தமில்ல. விஎம்மோட செட்டிங்ஸ் இருக்கிற விஎம்எக்ஸ் ஃபைலைத் திறந்து ஸ்கஸி0:0 (முதல் டிஸ்க்) வரியில எந்த விஎம்டிகே பேர் இருக்குன்னு பாருங்க. அப்புறம் அந்தச் சின்ன விஎம்டிகே ஃபைல்ல (அது வெறும் டெக்ஸ்ட்தான்) அதோட பேரன்ட் (அது எந்த டிஸ்க் மேல நிக்குது) யாருன்னு பாருங்க. இன்னிக்கு ராத்திரி பேக்கப் ஜாபை நிறுத்தி வைங்க, இல்லன்னா அது இன்னொரு ஸ்நாப்ஷாட் எடுத்து 000003 வந்து நிக்கும்.

புதுசர்வர்:
பார்த்துட்டேன் அண்ணா. 000002-ஐத்தான் காட்டுது, அதுக்கு பேரன்ட் 000001, அதுக்கு மூல டிஸ்க். கன்சாலிடேட் (ஸ்நாப்ஷாட் ஃபைல்களை மூல டிஸ்க்கோட சேர்க்கிறது) குடுத்தேன், ஃபைல் லாக் ஆகியிருக்குன்னு எரர்.

பழையகை:
அப்ப உங்க பேக்கப் ஹாட்ஆட் முறையிலயா (விஎம்மோட டிஸ்க்கை பேக்கப் எடுக்கிற ப்ராக்ஸி விஎம்ல மாட்டிப் படிக்கிறது) ஓடுது? பேக்கப் ப்ராக்ஸி விஎம்மோட எடிட் செட்டிங்ஸைப் பாருங்க. ஃபைல் சர்வரோட டிஸ்க் அங்க தொங்கிட்டிருக்கும். ஜாப் பாதியில செத்தா இதுதான் நடக்கும். அங்கேர்ந்து ரிமூவ் பண்ணுங்க, ஆனா "டெலீட் ஃபைல்ஸ் ஃப்ரம் டேட்டாஸ்டோர்" டிக் இருக்கவே கூடாது. ஓகே அழுத்துறதுக்கு முன்னாடி இன்னொரு தடவை பாருங்க. நான் ஒரு தடவை பார்க்காம அழுத்திட்டு, டேப்புலேர்ந்து ரீஸ்டோர் பண்ண ரெண்டு நாள் உட்கார்ந்திருந்தேன்.

மூல டிஸ்க்கை வேற விஎம்ல மாட்டி "சும்மா ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கிற" வேலையும் வேணாம். மூலத்துல எழுதிட்டா சிஐடி (சங்கிலி பொருந்துதான்னு பார்க்கிற அடையாள எண்) மாறிடும், சங்கிலி அறுந்துடும்.

உங்க டிஸ்க் திக் என்பதால மெர்ஜ் பண்ணும்போது அது வீங்காது. ஆட்கள் வேலை செய்யாத நேரம் பார்த்துக் குடுங்க. மெர்ஜ் ஓடும்போது எழுதுறதைத் தாங்க 38 ஜிபி போதும்.

புதுசர்வர்:
ப்ராக்ஸியிலேயேதான் தொங்கிட்டிருந்தது! எடுத்துட்டு 9 மணிக்கு கன்சாலிடேட் குடுத்தேன். நடுவுல ரொம்ப நேரம் ஒரே சதவீதத்துல நின்னுச்சு, கை பரபரத்துச்சு, ஆனா கேன்சல் பண்ணல. 12 மணி தாண்டி முடிஞ்சது. ரெண்டு எஸ்இஸ்பார்ஸும் தானாவே போயிடுச்சு. இப்போ மிச்சம் 193 ஜிபி. 120 ஜிபி ஃபோல்டரையும் அழிச்சுடட்டுமா?

பழையகை:
இன்வென்டரியில விஎம் இல்லன்னா டிஸ்க்கை யாரும் பயன்படுத்தலன்னு ஆகாது. ஷெல்லுல போய் எல்லா ஃபோல்டர்லயும் இருக்கிற விஎம்எக்ஸ் ஃபைல்களை கிரெப் (எழுத்து தேடுற கட்டளை) போட்டு அந்த விஎம்டிகே பேரைத் தேடுங்க. ஆஃப்ல இருக்கிற விஎம்மையும் டெம்ப்ளேட்டையும் விட்டுடாதீங்க. டெம்ப்ளேட்டுக்கு விஎம்டிஎக்ஸ்னு வேற ஃபைல். எங்கயும் வரலன்னாலும் உடனே அழிக்காம, ஃபோல்டர் பேரை மட்டும் மாத்தி வைங்க, ஒரு மாதக் கடைசி தாண்டட்டும்.

புதுசர்வர்:
நல்லவேளை கேட்டேன். ஆஃப்ல கிடந்த பழைய கணக்கு விஎம்முக்கு அதுதான் ரெண்டாவது டிஸ்க். அக்கவுண்ட்ஸ் மேடம் கிட்ட கேட்டா, "ஆடிட்டர் வரும்போது மட்டும் ஆன் பண்ணுவோம்"னு சாவகாசமா சொல்றாங்க.