ரவுட்டர் மேஜையில் காடியின் ஆழம் நடுவில் குறைகிறது: புது மேஜையை எப்படி அமைப்பது?

கேட்டவர்:
வணக்கம். வீட்டுப் பட்டறைக்குப் புதிதாக ஒரு ரவுட்டர் மேஜை (சுழலும் வெட்டுமுனை அடியிலிருந்து மேலே நீட்டி நிற்க, மரத்தை அதன்மேல் தள்ளி வெட்டும் மேஜை) செய்யப்போகிறேன். இப்போது இருப்பது தற்காலிக ஏற்பாடுதான்: ஒற்றை 18 மி.மீ. பிளைவுட், நடுவில் 6 மி.மீ. அக்ரிலிக் தகடு, அதன் அடியில் தலைகீழாகத் தொங்கும் பெரிய பிளஞ்ச் ரவுட்டர் (மோட்டார் மேலும் கீழும் நகரும் வகை).

டிராயர் பலகைகளுக்குக் காடி (அடித்தட்டு செருகும் நீளப் பள்ளம்) எடுக்கும்போதுதான் பிரச்சினை. பலகையின் இரண்டு முனைகளிலும் 6 மி.மீ. ஆழம் கச்சிதமாக வருகிறது. நடுவில் 5.5 தேறினாலே அதிகம். பெட்டியைப் பூட்டும்போது அடித்தட்டு நடுவில் முட்டி நிற்கிறது, மூலைகள் சேர மறுக்கின்றன. ஆனால் சாண் நீளத் துண்டுகளில் ஆழம் முழுக்கச் சீராக இருக்கிறது.

பிட் (ரவுட்டரின் வெட்டுமுனை) நழுவுகிறதா? புது மேஜையில் இது வராமலிருக்க என்ன செய்யலாம்? மைட்டர் ஸ்லாட் (கோண வழிகாட்டி ஓடும் பள்ளம்) வேண்டுமா, ஃபென்ஸை (மரத்தை ஒட்டித் தள்ளும் நேரான தடுப்பை) மேஜை விளிம்புக்கு இணையாக வைப்பது எப்படி, அடியில் பெட்டி அடைக்கலாமா என்பதையும் சொல்லுங்கள்.

பழைய உளி:
பிட் நழுவவில்லை. பிட்டோ உயரப் பூட்டோ நழுவினால் ஆழம் ஒரே திசையில்தான் மாறும். ஆரம்பத்தில் ஓர் அளவு, முடிவில் வேறு அளவு, அடுத்த பலகை அங்கிருந்தே தொடரும். உங்களுக்குக் கடைசி முனையில் பழைய ஆழம் திரும்பி வந்துவிடுகிறது. அப்படியானால் மேஜைதான் நடுவில் குழிந்திருக்கிறது.

நீளப் பலகையின் முன்முனை பிட்டைத் தொடும்போது அந்த முனை குழிக்குள் இறங்கியிருக்கும், அதனால் முழு ஆழம் வெட்டும். பலகை நகர்ந்து இரண்டு பக்கமும் தாங்கல் கிடைத்ததும் குழியின் மேல் பாலம் போல நின்றுவிடும். பிட் அப்படியே இருக்க, மரம் மட்டும் மேலே போய்விடுகிறது. பின்முனை வரும்போது மறுபடியும் இறங்கும். சின்னத் துண்டு முழுவதுமாகக் குழிக்குள்ளேயே ஓடுவதால் வித்தியாசம் தெரியாது.

ஒரு இரும்பு ஸ்கேலை நிமிர்த்தி, மூலைக்கு மூலை மேஜை மேல் வையுங்கள். எதிரே விளக்கைப் பிடித்து அடியில் வெளிச்சம் தெரிகிறதா பாருங்கள். ரவுட்டர் தொங்கும்போது ஒருமுறை, கழற்றிவிட்டு ஒருமுறை. கழற்றியதும் இடைவெளி மறைந்தால் மேஜையின் மேற்பலகைக்கு விறைப்பு போதவில்லை. மறையாவிட்டால் பலகை நிரந்தரமாகவே வளைந்துவிட்டது.

கேட்டவர்:
பார்த்துவிட்டேன். தகட்டின் ஓரத்தில் நன்றாக வெளிச்சம் தெரிகிறது. ரவுட்டரை எடுத்ததும் குறைகிறது, ஆனால் முழுக்கப் போகவில்லை. தகடும் தனியாக நடுவில் கொஞ்சம் தொய்ந்திருக்கிறது.

பழைய உளி:
அப்படியானால் பலகை, தகடு இரண்டையும் மாற்றிவிடுங்கள். ரவுட்டர் மேஜையில் மேற்பலகை தட்டையாக இருப்பதுதான் உயிர். மற்ற எதைச் சிக்கனமாகச் செய்தாலும் சமாளிக்கலாம், இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

நான் சொல்வது இரண்டு 18 மி.மீ. எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த) பலகைகளை ஒன்றின்மேல் ஒன்று ஒட்டி 36 மி.மீ. ஆக்குவது. ஒட்டும்போது அடியில் தட்டையான பரப்பு கட்டாயம், ஏனென்றால் வளைந்த பெஞ்சில் ஒட்டினால் அந்த வளைவு பசையோடு காய்ந்து நிலைத்துவிடும். மேலே லேமினேட் ஒட்டினால் அடியிலும் ஒட்டுங்கள். ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் இரண்டு முகமும் ஈரப்பதத்தைச் சமமாக வாங்காது, நாளடைவில் பலகை வளையும்.

அடியில் தகட்டுத் துளைக்கு இடமும் வலமுமாக, முன்னிருந்து பின்வரை இரண்டு பிளைவுட் சட்டங்களை நிமிர்த்திக் கொடுங்கள். 75 மி.மீ. உயரம் போதும். ரவுட்டரின் கைப்பிடிகள் இடிக்காத அளவுக்குத் துளையை நெருங்கி வரட்டும். திருகு முடுக்குவதற்கு முன்னால் சட்டத்துக்கும் பலகைக்கும் நடுவே சந்து இருக்கிறதா பாருங்கள். சந்து இருந்தால் அட்டைத் துண்டு செருகிவிட்டு முடுக்குங்கள். இல்லையென்றால் திருகே பலகையைக் கீழே இழுத்து, நீங்களே குழியைச் செய்துவிடுவீர்கள்.

தகட்டுக்கு அக்ரிலிக் வேண்டாம். பெரிய ரவுட்டர் மாதக்கணக்கில் தொங்கினால் அது தொய்யும். 8 முதல் 10 மி.மீ. அலுமினியமோ ஃபீனாலிக்கோ (கெட்டியான பிசின் தகடு) போடுங்கள். துளையைச் சுற்றி 12 மி.மீ. அகலப் படி விட்டு, தகட்டின் தடிமனைவிட 1 மி.மீ. கூடுதலாக ஆழம் எடுங்கள். மூலைகளில் சிறிய திருகுகளைக் கீழிருந்து கொடுத்தால் தகட்டை இம்மி இம்மியாக உயர்த்தி, மேற்பரப்போடு சமன் செய்யலாம். விரல் நகத்தால் விளிம்பை வருடிப் பாருங்கள். நகம் எந்தப் பக்கமும் தட்டக்கூடாது.

மரத்தூள்:
மேற்பலகை பற்றிச் சொன்னதில் முழு உடன்பாடு. மைட்டர் ஸ்லாட் பற்றி நான் சொல்கிறேன்: வேண்டாம். இவ்வளவு பாடுபட்டு விறைப்பாக்கிய பலகையில் தகட்டுக்குப் பக்கத்திலேயே நீளமாக ஒரு பள்ளம் எடுத்தால் அது அங்கேயே பலவீனமாகும். அதோடு ஸ்லாட் இருந்தால்தான் ஃபென்ஸ் அதற்கு இணையாக நிற்க வேண்டிய தலைவலியே வருகிறது. சட்டங்களின் முனையை வெட்ட, ஃபென்ஸை ஒட்டி ஓடும் சிறிய ஸ்லெட் (மரத்தைப் பிடித்துத் தள்ளும் தட்டு) ஒன்று செய்துகொள்ளுங்கள்.

ஃபென்ஸ் எதற்கும் இணையாக இருக்க வேண்டியதில்லை! பிட் வட்டமாகச் சுழல்கிறது, எந்தக் கோணத்தில் வைத்தாலும் ஃபென்ஸுக்கும் பிட்டுக்கும் உள்ள தூரம் மட்டும்தான் கணக்கு. ஒரு முனையைப் போல்ட்டில் நிறுத்தி, மறுமுனையை மட்டும் நகர்த்திக் கிளாம்ப் போடலாம். பிட் சரியாக நடுவில் இருந்தால், முனையை 1 மி.மீ. நகர்த்தும்போது வெட்டு அரை மி.மீ.தான் மாறும். நுண்ணிய சரிசெய்தலுக்கு இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. ஆனால் ஃபென்ஸ் முகம் மேஜைக்குச் செங்குத்தாக இருந்தே ஆக வேண்டும், மூலைமட்டம் வைத்துப் பார்த்துவிடுங்கள்.

மேலிருந்து பார்த்தால் பிட் இடஞ்சுழியாகச் சுழலும். அதனால் மரத்தை வலமிருந்து இடமாகத் தள்ளுங்கள். பிட்டுக்கும் ஃபென்ஸுக்கும் நடுவில் மரத்தை ஒருபோதும் விடாதீர்கள். அந்தப் பக்கம் பற்கள் மரம் போகிற திசையிலேயே ஓடுவதால், கையிலிருந்து பிடுங்கி எறிந்துவிடும்.

கேட்டவர்:
ஃபென்ஸ் விஷயம் பெரிய நிம்மதி, அதற்காகவே தண்டவாளம் மாதிரி ஏதோ வரைந்து வைத்திருந்தேன். இன்னும் இரண்டு சந்தேகம். அடியில் பெட்டி அடைத்தால் மோட்டார் சூடாகாதா? ரெய்ஸ்டு பேனல் கதவுக்கு (ஓரம் சரிந்து நடு மேடாக இருக்கும் பலகைக் கதவு) 80 மி.மீ. விட்டமுள்ள பிட் போடலாமா?

பழைய உளி:
முழுக்க அடைத்தால் சூடாகும். பொதுவாக ரவுட்டர் பிட்டுக்கு எதிர்முனையில் காற்றை இழுக்கும். தலைகீழாகத் தொங்கும்போது அந்த முனை கீழே, தூசி விழும் இடத்தில் இருக்கிறது. பெட்டி அடைப்பதானால் பின்னால் உறிஞ்சு குழாய், முன்கதவில் காற்று நுழையத் துளைகள், இரண்டும் வேண்டும். காற்று மோட்டாரைத் தாண்டி ஓடி வெளியே போகும்படி எதிரெதிராக வையுங்கள். ஃபென்ஸின் பின்னாலும் ஒரு குழாய் வாய் கொடுங்கள், விளிம்பு வெட்டும்போது பெரும்பாலான சீவல் அங்கேதான் வரும். காடிக்கு மட்டும் தூள் கீழேயும் இறங்கும்.

80 மி.மீ. பிட் போடலாம், 12 மி.மீ. அல்லது அரை அங்குல ஷாங்க் (பிட்டின் தண்டு) இருந்தால், ரவுட்டரில் வேகக் கட்டுப்பாடு இருந்தால். நிமிடத்துக்கு 24,000 சுற்றில் 80 மி.மீ. பிட்டின் விளிம்பு நொடிக்கு சுமார் 100 மீட்டர் ஓடும். அது ஆபத்து. 12,000 சுற்றுக்கோ அதற்குக் கீழோ இறக்கினால் பாதியாகும். பிட்டின் மேல் பொறித்திருக்கும் உச்ச வேகத்தை மீறாதீர்கள். ஒரே தடவையில் வெட்டாமல் மூன்று நான்கு தடவையாக ஆழத்தைக் கூட்டுங்கள். முதலில் நார்க்குறுக்கே உள்ள விளிம்புகள், அப்புறம் நீள விளிம்புகள். மூலையில் பிய்ந்தாலும் அடுத்த வெட்டில் சீராகிவிடும்.

அப்புறம் ஷாங்கைக் காலெட்டின் (தண்டைக் கவ்வும் பிடியின்) அடிவரை செருகி, 2 அல்லது 3 மி.மீ. மேலே இழுத்துவிட்டு முடுக்குங்கள். அடியில் முட்டி நின்றால் காலெட் சரியாகக் கவ்வாது.

மரத்தூள்:
ஸ்விட்சையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ரவுட்டரின் ஸ்விட்சை மேஜைக்கடியில் தேடக்கூடாது. முன்காலில் பெரிய சிவப்புப் பொத்தானோடு, மின்சாரம் போய் வந்தால் தானாக ஓடாத என்.வி.ஆர். ஸ்விட்ச் வையுங்கள். தொடையால் தட்டியே நிறுத்தும் உயரத்தில் இருந்தால், கை மரத்திலேயே இருக்கும்.

வளைந்த விளிம்புகளுக்கு ஃபென்ஸ் உதவாது. பேரிங் பிட்டோடு (மரத்தின் விளிம்பில் உருளும் சிறு சக்கரம் உள்ள பிட்) தகட்டில் ஒரு ஸ்டார்ட்டிங் பின் (வெட்டு தொடங்கும்போது மரத்தைச் சாய்த்துக்கொள்ளும் முளை) வேண்டும். தகடு வாங்கும்போதே அந்தத் துளை இருக்கிறதா பாருங்கள், பிட் துளைக்கு மாற்று வளையங்கள் வருகிறதா என்றும் பாருங்கள். சின்ன பிட்டைச் சுற்றிப் பெரிய துளை இருந்தால் சிறு துண்டுகளின் முனை உள்ளே விழுந்துவிடும்.

கேட்டவர்:
சரி. ஸ்லாட்டை எடுத்துவிட்டேன், ஃபென்ஸுக்கு ஒற்றைப் போல்ட், தகடு 10 மி.மீ. அலுமினியம், சட்டங்கள் துளையை ஒட்டி. பலகை ஒட்டித் தகடு பொருத்தியதும், ரவுட்டரைத் தொங்கவிட்டு ஸ்கேல் வைத்துப் பார்த்துவிட்டு அதே டிராயர் பலகை நீளத்தில் ஒரு காடி எடுத்து, முனை, நடு, முனை என மூன்று இடத்து ஆழத்தையும் இங்கே போடுகிறேன்.