டிஸ்க்கில் பல நிறச் சாயம்: ஒன்று மற்றதற்குள் ஊறாமல் இருக்க என்ன வழி?

கல்லடிக்காரன்:
கல்லடிக் கடற்கரையில் பின்னேரங்களில் டிஸ்க் (ஃபிரிஸ்பி மாதிரிப் பறக்கிற பிளாஸ்டிக் தட்டு) எறிகிற கூட்டம் எங்களுடையது. அறுகம்பைக்கு அலைச்சறுக்க வந்த வெளிநாட்டுக்காரர்கள் போகும்போது தந்துவிட்டுப் போன வெள்ளை டிஸ்க்குகள் இருக்கின்றன. ஒன்று இரண்டு அணியாக விளையாடுகிற அல்டிமேட்டுக்கான 175 கிராம் டிஸ்க், மற்றது கூடைக்குள் எறிகிற டிஸ்க் கோல்ஃபுக்கானது, சின்னது, ரப்பர் மாதிரி வளையும், வெளிச்சத்தில் பிடித்தால் கொஞ்சம் ஒளி தெரியும். அணிக்குப் பாடும் மீன் படம் போட வேண்டும்: கறுப்பு வெளிக்கோடு, நீல உடல், சிவப்புச் செட்டை, மஞ்சள் கண். ஸ்டிக்கர் ஒட்டி, வெட்டி, பொலியெஸ்டர் சாயத்தில் சுடச்சுட முக்கினோம். பெரிய டிஸ்க்கில் நிறமே ஏறவில்லை. சின்னதில் நன்றாக ஏறியது, ஆனால் சிவப்பு ஸ்டிக்கருக்கு அடியால் முடி முடியாக ஓடியிருக்கிறது, பசையை அசிட்டோனால் துடைத்த பிறகு நீலத்தின் ஓரமும் மங்கிவிட்டது. தறிக்காரரிடம் வாங்கிய சாயம் இரண்டிலுமே பிடிக்கவில்லை, கழுவியதும் போய்விட்டது. யாராவது செய்தவர்கள் சொல்லுங்கள்.

மருதமுனைத் தறி:
தம்பி, தறிச் சாயம் பிடிக்காததில் அதிசயம் இல்லை. பருத்தி நூலுக்குப் போடுகிற ரியாக்டிவ் சாயம் பஞ்சில் உள்ள செலுலோஸோடுதான் இறுகப் பிணையும், பிளாஸ்டிக்கில் அது பற்றிக்கொள்ள ஒன்றும் கிடையாது. உங்களுக்கு வேண்டியது டிஸ்பர்ஸ் சாயம். அது தண்ணீரில் கரையாது என்றே சொல்லலாம், நுண்ணிய துகளாக மிதக்கும், சூட்டில் பிளாஸ்டிக்குக்கு உள்ளேயே போய் உட்காரும். ஐடை (iDye) என்று பெயர் போட்டு விற்கிற சாயம் வாங்குவதென்றால் பெயரில் ‘பொலி’ இருக்கிறதா என்று பாருங்கள், வெறும் ஐடை பருத்திக்கும் பட்டுக்கும் உரியது. பெரிய டிஸ்க் பொலிஎத்திலீன், வாளி, பேசின் செய்கிற அதே இனம், அதில் டிஸ்பர்ஸும் சரியாக ஏறாது. அதை விட்டுவிடுங்கள். சின்னது பொலியூரித்தேன் வகை, சாயத்துக்கு ஏற்றது அதுதான்.

கல்முனை ஸ்டிக்கர்:
உங்களுக்கு நடந்தது ஒரே பிரச்சினை இல்லை, இரண்டு. முடி முடியாக ஓடினால் சாயம் ஸ்டிக்கருக்கு அடியால் நுழைந்திருக்கிறது என்று அர்த்தம். ஓரம் புகை மாதிரி மங்கினால் பிளாஸ்டிக்குக்குள் போன சாயமே நகர்ந்திருக்கிறது.

முதலாவதுக்கு: ஒட்டுவதற்கு முன்பு டிஸ்க்கைப் பாத்திரம் கழுவுகிற திரவத்தால் கழுவி, காய்ந்ததும் ஸ்பிரிட்டால் துடையுங்கள், அச்சிலிருந்து வந்த எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் எந்த ஸ்டிக்கரும் தூக்கும். கடையில் போர்டுக்கு வெட்டுகிற வினைலே போதும், கடதாசி ஸ்டிக்கர் வேண்டாம். ஹெயார் டிரையரால் இலேசாகச் சூடுகாட்டி, வெட்டிய ஒவ்வொரு ஓரத்தையும் நகத்தால் அழுத்துங்கள், டிஸ்க் வளைகிற இடத்தில் இன்னும் கவனமாக. அப்புறம் சூடு. கொதிக்கிற தண்ணீர் பசையை இளக்கும், டிஸ்க்கையும் கோணலாக்கும். 60 பாகை செல்சியஸ் சுற்றி வைத்திருங்கள். காய்ச்சல் பார்க்கிற தெர்மோமீட்டர் இதற்கு உதவாது, சமையலுக்கு விற்கிறதை வாங்குங்கள். சாயத் தட்டில் நாலு மாபிள் குண்டு போட்டு அதன்மேல் டிஸ்க்கைக் குப்புற வையுங்கள், ஒரு பக்கம் சாய்த்து இறக்கினால்தான் அடியில் காற்றுக் குமிழி நிற்காது.

இரண்டாவது அசிட்டோனால் வந்தது. டிஸ்பர்ஸ் சாயம் அசிட்டோனில் கரையும், நீங்கள் துடைத்தது பசையை மட்டும் இல்லை. பசைக்குத் தேங்காய் எண்ணெய் பூசி ஊறவிட்டுத் துணியால் எடுங்கள். ஒவ்வொரு முக்குக்குப் பிறகும் ஸ்டிக்கர் இருக்கும்போதே குளிர்தண்ணீரும் சோப்பும் போட்டு நிறம் வராத வரைக்கும் கழுவிய பிறகுதான் உரிக்க வேண்டும். உரித்துவிட்டுக் கழுவினால் மேலே நிற்கிற சாயம் வெள்ளையில் ஒட்டிவிடும்.

கல்லடிக்காரன்:
நன்றி அண்ணன், பெரிய விளக்கம். ஒன்று கேட்கிறேன்: நிறங்களின் ஒழுங்கு எப்படி? கறுப்பை முதலில் போட்டு, உரித்து உரித்து வெளிர் நிறத்துக்கு வரச் சொல்கிறார்கள். ஆனால் திறந்து கிடக்கிற நீலத்துக்கு மேலே மஞ்சள் போனால் பச்சையாகிவிடாதா?

கல்முனை ஸ்டிக்கர்:
ஆகும். அதனால்தான் கறுப்பு வெளிக்கோட்டை மூன்று மில்லிமீட்டருக்குக் குறையாமல் வரையச் சொல்கிறேன், உங்கள் படத்துக்கு அதுதான் காவல். முழுப் படத்தையும் ஒரே ஸ்டிக்கரில் வெட்டிவிட்டு, கறுப்புக் கோட்டை மட்டும் உரித்துக் கால் மணித்தியாலத்துக்கு மேல் முக்குங்கள். கழுவிக் காயவைத்து நீல உடலைத் திறந்து முக்குங்கள், திறந்து கிடக்கிற கறுப்புக்கு மேலே எது போனாலும் தெரியாது. பிறகு நீலத்தைப் புதுத் துண்டு வினைலால் மூடுங்கள். அந்தத் துண்டின் ஓரம் கறுப்புக் கோட்டின் நடுவில் எங்கேயாவது நின்றால் போதும், மயிரிழை சுத்தமாக வெட்டத் தேவை இல்லை, கொஞ்சம் சாயம் அடியால் நுழைந்தாலும் கறுப்புக்குள்ளேயே அடங்கிவிடும். இதே மாதிரி சிவப்பு, கடைசியில் மஞ்சள். மஞ்சளுக்குச் சில நிமிடம் போதும். நீலமும் சிவப்பும் நேருக்கு நேர் தொடுகிற இடம் படத்தில் இருக்கவே கூடாது, இருந்தால் அங்கேயும் கோடு போடுங்கள்.

பொத்துவில் கரை:
ஒன்றைச் சேர்க்கிறேன். மீனைச் சுற்றிக் கடல் மாதிரிக் கலங்கிய பின்னணி வேண்டும் என்றால் முக்காதீர்கள், பைண்டர் கம்மை (கடதாசி ஒட்டுகிற வெள்ளைப் பசை) தட்டில் பரப்பி அதன்மேல் சாயம் கலந்த லோஷனைச் சொட்டு சொட்டாக விட்டு, குச்சியால் இழுத்து, டிஸ்க்கைக் குப்புற வைத்து ஒரு நாள் விடுங்கள். கம் தடிப்பாக இருப்பதால் நிறங்கள் போட்ட இடத்தை விட்டு ஓடாது, சூடும் தேவை இல்லை. படம் முடிந்து மீனை முழுதாக மூடிய பிறகு செய்யுங்கள்.

அசிட்டோனில் சாயத்தைக் கரைத்துத் தூரிகையால் பூசுகிற முறையும் உண்டு, சீக்கிரம் ஏறும், ஆனால் வினைல் பசையையே தின்றுவிடும், பல நிறப் படத்துக்கு நான் அதைச் சொல்லவே மாட்டேன். குசினியில் அடுப்புக்குக் கிட்ட அந்தப் போத்தலைத் திறக்கவே வேண்டாம், ஆவி சட்டென்று தீப்பிடிக்கும். தூளை அள்ளும்போது மாஸ்க், கையுறை போடுங்கள், சாயம் காய்ச்சின சட்டியில் திரும்பச் சமைக்காதீர்கள்.

கல்லடிக்காரன்:
சரி, வெளிக்கோட்டைத் தடிப்பாக்கிப் படத்தைத் திரும்ப வரைகிறோம். வினைலை அண்ணனின் கடையிலேயே வெட்டிக்கொள்ளலாமா?

கல்முனை ஸ்டிக்கர்:
கொண்டு வாருங்கள் தம்பி, டிஸ்க்கையும் கையோடு. வளைவை அளந்துதான் வெட்ட வேண்டும்.