அறிகுறி இல்லாதவர்களுக்குக் கிளமிடியா சோதனை: தொற்று உண்மையில் குறைகிறதா?

கேள்வி (முதுகலை மாணவி)

வணக்கம். பால்வினைத் தொற்றுத் தடுப்பு குறித்த ஆய்வேட்டுக்காகப் படித்து வருகிறேன். கிளமிடியா தொற்றியவர்களில் பெரும்பாலோருக்கு அறிகுறியே தோன்றுவதில்லை என்பதால், இளைஞர்கள் அனைவரையும் சோதித்து மருந்து கொடுத்தால் சில ஆண்டுகளில் அது அருகிவிடும் என்றே எண்ணியிருந்தேன். ஆனால் சோதனையைப் பெருக்கிய இடங்களில் பதிவாகும் தொற்றாளர் எண்ணிக்கை கூடியிருக்கிறது. சோதனையால் பயனில்லையா, அல்லது எண்களை நான் தவறாகப் படிக்கிறேனா?

மறுமொழி (தொற்றுநோயியல் ஆய்வாளர்)

முதல் சிக்கல் எண்களில்தான் இருக்கிறது. வலையை அகல விரித்தால் மீன் அதிகம் சிக்கும். குளத்தில் மீன் பெருகிவிட்டது என்று அதற்குப் பொருளில்லை. ஆகவே பதிவு எண்ணிக்கையை ஒதுக்கிவிட்டு, ஒப்பீட்டுக் குழு வைத்து நடத்திய ஆய்வுகளைப் பாருங்கள். நெதர்லாந்தில் 2008 முதல் 16–29 வயதினருக்கு ஆண்டுதோறும் அழைப்பு அனுப்பினார்கள். முதல் சுற்றில் சுமார் 16 விழுக்காட்டினரே சோதித்துக்கொண்டார்கள், மூன்றாவது சுற்றில் அது சுமார் 10 ஆகச் சரிந்தது. தொற்று விகிதம் ஏறத்தாழ அப்படியே நின்றது. ஆஸ்திரேலியாவின் சிற்றூர்களில் பொது மருத்துவர்கள் வழியாகச் சோதனையைக் கூட்டிப் பார்த்த ஆய்வின் முடிவு 2018இல் வெளியானது. சோதனையைக் கூட்டிய ஊர்களில் தொற்று 5.0 விழுக்காட்டிலிருந்து 3.4 ஆகக் குறைந்தது; வழக்கம்போல் விட்ட ஊர்களிலும் 4.6இலிருந்து அதே 3.4க்கு இறங்கியது. ஒப்பீட்டுக் குழு மட்டும் இல்லாதிருந்தால் இதைப் பெரிய வெற்றி என்று அறிவித்திருப்பார்கள்.

மறுமொழி (பாலியல் நல மருத்துவர்)

மேலே சொன்னது சரியே. ஆயினும் சமூகத்தில் பரவல் குறைகிறதா என்பது ஒரு கேள்வி, சோதித்துக்கொண்ட பெண்ணுக்குத் தீங்கு குறைகிறதா என்பது வேறொரு கேள்வி. கிளமிடியா கருக்குழாய் வரை ஏறி இடுப்புக்குழி அழற்சியை உண்டாக்கினால் குழந்தையின்மை வரை போகலாம். சியாட்டிலில் நடந்து 1996இல் வெளியான ஆய்வில், சோதனைக்கு அழைக்கப்பட்ட பெண்களிடம் இந்த அழற்சி பாதிக்கும் மேல் குறைந்திருந்தது. 2010இல் வெளியான லண்டன் ஆய்வில் அந்த அளவுக்குத் தெளிவான பலன் கிடைக்கவில்லை. ஓராண்டில் அழற்சி கண்ட 38 பேரில் 30 பேருக்குத் தொடக்கச் சோதனையில் கிளமிடியா இல்லை என்றே வந்திருந்தது என்பதுதான் அதில் எனக்கு முக்கியமாகப் படுகிறது: சிலருக்குத் தொற்று பிறகு வந்திருக்கும், சிலருக்கு அழற்சியின் காரணமே வேறாக இருக்கும். இங்கிலாந்து தன் தேசியக் கிளமிடியா சோதனைத் திட்டத்தின் நோக்கத்தை 2021இல் பெண்களின் இனப்பெருக்க நலத்தைக் காப்பது என்று மாற்றியமைத்ததும் இந்த வகைச் சிந்தனையின் விளைவே.

மாணவி

நன்றி. மருந்து எடுத்தவருக்கே மீண்டும் தொற்று வருவதையும் இதில் சேர்க்க வேண்டும் அல்லவா?

மறுமொழி (பாலியல் நல மருத்துவர்)

கட்டாயம் சேருங்கள். இணையருக்கு மருந்து போய்ச் சேராவிட்டால் குணமானவருக்கு அவரிடமிருந்தே தொற்று திரும்பிவிடும். அதனால்தான் ஏறக்குறைய மூன்று மாதம் கழித்து மறுபடி சோதிக்கச் சொல்கிறோம். இணையருக்கான மருந்தை நோயாளியிடமே கொடுத்தனுப்பும் முறையை அமெரிக்காவில் சோதித்து 2005இல் வெளியிட்டார்கள்: கிளமிடியாவோ கொனோரியா என்னும் மற்றொரு பால்வினைத் தொற்றோ நீடித்தவர்கள் அல்லது மீண்டும் வந்தவர்கள் வழக்கமான முறையில் 13 விழுக்காடு, இந்த முறையில் 10 விழுக்காடு. கொனோரியாவில் பலன் இன்னும் கூடுதல்.

மறுமொழி (ஆய்வகப் பணியாளர்)

ஆய்வேட்டுக்கு ஒரு சிறு எச்சரிக்கை. மருந்து முடிந்த உடனே நியூக்ளிக் அமிலச் சோதனை (கிருமியின் மரபணுப் பொருளைத் தேடும் சோதனை) செய்தால் செத்த கிருமியின் எச்சம்கூடத் 'தொற்று உண்டு' என்று காட்டிவிடும். நான்கு வாரத்துக்குள் எடுத்த மறுசோதனை முடிவுகளை மறுதொற்றாகக் கணக்கிடாதீர்கள். சிறுநீரை மட்டும் சோதித்த ஆய்வுகளில் தொண்டையிலும் மலக்குடலிலும் உள்ள தொற்று கணக்கில் வந்திருக்காது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.