சென்னையிலிருந்து தஞ்சாவூர்: முதியோர் குழுவுக்கு வழியில் எத்தனை இடங்களில் பேருந்தை நிறுத்தலாம்?

தாம்பரத்தார் (கேள்வி):
அனைவருக்கும் வணக்கம். எங்கள் குடியிருப்பைச் சேர்ந்த, பணி ஓய்வு பெற்ற முப்பது பேர், தை மாதக் கடைசியில் ஒரு பேருந்தை வாடகைக்கு அமர்த்திக்கொண்டு சென்னையிலிருந்து தஞ்சாவூர் செல்லவிருக்கிறோம். வண்டி பேசச் சென்ற இடத்தில் ஒரு பயணத் திட்டத்தை எழுதிக் கொடுத்தார்கள். அதன்படி அதிகாலை 5 மணிக்குப் புறப்பட்டு, மாமல்லபுரம், புதுச்சேரி, பிச்சாவரம், சிதம்பரம், கங்கைகொண்ட சோழபுரம், தாராசுரம் ஆகிய ஆறு இடங்களையும் ஒரே நாளில் பார்த்துவிட்டு, இரவு தஞ்சாவூரில் தங்கி, மறுநாள் காலை பெரிய கோயிலைத் தரிசிக்க வேண்டும். குழுவில் மூட்டுவலிக்காரர்களும், நேரத்துக்குச் சாப்பிட்டாக வேண்டிய சர்க்கரை நோயாளிகளும் இருக்கிறார்கள். "அவ்வளவு தூரம் போய்விட்டு ஒன்றையும் விட்டுவிடக் கூடாது" என்று சிலர் பிடிவாதமாக இருக்கிறார்கள். இத்திட்டம் நடக்கக்கூடியதுதானா? இல்லையென்றால் எதை விடுவது?

யாத்திரைக்காரர்:
ஐயா, நடக்காது. கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகச் சென்றால் சுமார் 350 கிலோமீட்டர். வண்டி ஓடும் நேரமே எட்டு மணி நேரத்துக்குக் குறையாது. ஆனால் தூரத்தைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு. கோயில்களின் நடை நண்பகலில் சாத்தப்பட்டு, நான்கு அல்லது ஐந்து மணிக்குத்தான் மீண்டும் திறக்கப்படும். மாமல்லபுரத்தையும் புதுச்சேரியையும் பார்த்துவிட்டு நீங்கள் சிதம்பரம் வந்து சேரும்போது சரியாக நடை சாத்தியிருக்கும். அங்கே காத்திருந்தால் கங்கைகொண்ட சோழபுரத்தை இருட்டில்தான் பார்ப்பீர்கள். காத்திருக்காவிட்டால் நடராசரைப் பார்க்காமலே சிதம்பரத்தைக் கடப்பீர்கள். ஆகவே இடங்களின் பட்டியலை வைத்துக்கொண்டு திட்டம் போடாமல், நடை சாத்தும் நான்கைந்து மணி நேரத்தில் எங்கே இருப்பது என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, மற்றவற்றை அதற்கு இருபுறமும் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு நாளாகப் பிரித்தால் இது எளிதாகிவிடும். முதல் நாள் காலை மாமல்லபுரம். அங்கே நடை சாத்தும் பேச்சே இல்லை, வெயில் ஏறுவதற்குள் ஐந்து ரதங்களையும் கடற்கரைக் கோயிலையும் பார்த்துவிடலாம். புதுச்சேரியில் மதிய உணவுக்கு மட்டும் நிறுத்துங்கள். அந்த ஊரைப் பேருந்தில் சுற்றிப் பார்ப்பது வீண் வேலை; அது நடந்து பார்க்க வேண்டிய ஊர். பிற்பகலில் பிச்சாவரம். சிதம்பரத்தின் தலமரமான தில்லை இன்று செழித்து நிற்பது அந்த அலையாத்திக் காட்டில்தான் என்பதால், கோயிலுக்கு முன்னர் அதைப் பார்ப்பதில் ஒரு பொருத்தமும் இருக்கிறது. ஆனால் குறுகலான கால்வாய்களுக்குள் துடுப்புப் படகுதான் போகும். ஆடும் படகில் காலை வைத்து இறங்குவது மூட்டுவலிக்காரர்களுக்குச் சிரமம் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மாலையில் நடை திறந்ததும் சிதம்பரம் தரிசனம், இரவு அங்கேயே தங்கல்.

ஓட்டுநரையும் எண்ணிப் பாருங்கள். தொழிலாளர் சட்டம் அவருக்கு நாளொன்றுக்கு எட்டு மணி நேர வேலையைத்தான் பொதுவான வரம்பாக வைத்திருக்கிறது. உங்களுக்குக் கொடுத்த திட்டத்தில் அவர் அதிகாலையிலிருந்து இரவு வரை வண்டியோடுதான் இருந்தாக வேண்டும்.

குடந்தைவாசி:
இரண்டாம் நாளைப் பற்றி எங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். சிதம்பரத்திலிருந்து ஏழு மணிக்குள் கிளம்பிவிடுங்கள். காட்டுமன்னார்கோயில் சாலையில் வீராணம் ஏரியின் கரையோரமாகப் போகலாம். 2004 முதல் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரி என்பதால் உங்கள் குழுவினர் அனைவருக்கும் அதனோடு ஓர் உறவு இருக்கத்தான் செய்கிறது. கங்கைகொண்ட சோழபுரத்துக்குக் காலையிலேயே போய்விட வேண்டும் என்பதற்கு முக்கியக் காரணம் தரைதான். செருப்பைக் கழற்றிவிட்டு அந்தக் கருங்கல் பாவிய முற்றத்தில் பதினொரு மணிக்குமேல் வயதானவர்களால் நடக்க முடியாது. கனமான காலுறை கொண்டுவரச் சொல்லுங்கள். வடக்கு வாயில் படிக்கட்டருகே, சிவபெருமான் தம் அடியாரான சண்டேசரின் தலையில் கொன்றை மாலையைச் சுற்றும் சிற்பத்தைக் குழு மொத்தமும் நின்று பார்க்க நேரம் கொடுங்கள். அணிவிக்கும் கைகளின் கனிவையும் குனிந்த தலையின் பணிவையும் பார்த்தவர்கள் எளிதில் நகர மாட்டார்கள்.

பிறகு அணைக்கரை வழியாகக் கும்பகோணம், மதிய உணவு. நடை சாத்திய நேரத்தை ஓட்ட நான் சொல்லும் இடம் சுவாமிமலை. கோயிலுக்காக அல்ல, அங்குள்ள ஸ்தபதிகளின் பட்டறைகளுக்காக. மெழுகில் உருவத்தைச் செதுக்கி, அதன்மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசிக் காயவைத்து, சூடாக்கி மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றும் முறையை உட்கார்ந்தபடியே பார்க்கலாம். ஒரு வார்த்தை முன்பே கேட்டுவிட்டுப் போவது மரியாதை.

நான்கு மணிக்குத் தாராசுரம். எல்லோரும் தேர்ச் சக்கரத்தின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். கருவறையின் அடித்தளத்தில், ஏறக்குறைய முழங்கால் உயரத்துக்கும் கீழே, பெரியபுராணக் கதைகள் சாண் அளவுச் சிற்பங்களாக வரிசையாகச் செல்கின்றன. குனிய முடியாதவர்கள் தரையில் உட்கார்ந்தே பார்க்கலாம். அங்கிருந்து ஐந்தேகாலுக்குக் கிளம்பினால், விளக்கேற்றிய நேரத்தில் தஞ்சைப் பெரிய கோயிலில் இருப்பீர்கள்.

விக்கிரவாண்டி வழி:
எனக்கு இதில் மாற்றுக் கருத்து உண்டு. மாமல்லபுரத்தைத் தாம்பரத்தில் இருப்பவர்கள் எந்த ஞாயிற்றுக்கிழமை வேண்டுமானாலும் பார்த்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பலாம். நெடும்பயணத்தின் முதல் காலையை, அதாவது அனைவரும் களைப்பில்லாமல் இருக்கும் நேரத்தை, அதற்குச் செலவிடுவானேன்? திண்டிவனம், விக்கிரவாண்டி, பண்ருட்டி வழியாகச் சென்றால் முற்பகலிலேயே சிதம்பரம் சேர்ந்து, நடை சாத்துவதற்குள் தரிசனத்தை முடித்து, பிச்சாவரத்தை விட்டுவிட்டு, மாலைக்குள் கங்கைகொண்ட சோழபுரத்தையும் பார்த்துக் கும்பகோணத்திலேயே இரவு தங்கலாம். மறுநாள் முழுவதும் தாராசுரத்துக்கும் தஞ்சைக்கும் கிடைக்கும். இன்னொன்று: தந்தை ராசராசன் தஞ்சையில் கட்டிய கோயில் 1010இல் முடிந்தது, மகன் ராசேந்திரன் கங்கைகொண்ட சோழபுரத்தில் கட்டியது அதற்குப் பின். தந்தையுடையதை முதலில் பார்த்தால்தான் மகன் எங்கே விலகினான் என்பது புரியும். தஞ்சை விமானத்தின் விளிம்புகள் நேராக ஏறுகின்றன. சோழபுரத்தில் அவை உள்வாங்கி வளைகின்றன. ஆனால் சென்னையிலிருந்து வரும் பேருந்துக்கு அந்த வரிசை கட்டுப்படியாகாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

தாம்பரத்தார்:
மூவருக்கும் நன்றி. உங்கள் பதில்களைக் குழுவில் படித்துக் காட்டினேன். மாமல்லபுரத்தை விடுவதற்குப் பெரும்பாலோர் சம்மதித்துவிட்டார்கள். பிச்சாவரம் வேண்டும் என்று நான்கு பேர் மட்டும் இன்னும் மல்லுக்கு நிற்கிறார்கள். அவர்கள் பொருட்டுக் கடற்கரைச் சாலையிலேயே போவதானால், வண்டி பேசும்போது எதையெல்லாம் கேட்டு வாங்க வேண்டும்?

யாத்திரைக்காரர்:
வாடகை, ஓட்டுநர் பேட்டா, சுங்கச்சாவடிக் கட்டணம், வண்டி நிறுத்தக் கட்டணம் ஆகியவை தொகையில் அடங்குமா, தனியா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். புதுச்சேரி தனி ஒன்றியப் பகுதி. வண்டிக்கு அகில இந்தியச் சுற்றுலா பர்மிட் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் அங்கே நுழைவதற்குத் தனி பர்மிட் எடுக்க வேண்டியிருக்கும், அதை யார் கட்டுவது என்பதும் எழுதப்பட வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, சுத்தமான கழிப்பறை உள்ள இடத்தில் நிறுத்தம் என்பதையும் ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள். வண்டியின் முதல் படி உயரமாக இருந்தால் ஒரு சிறிய மரப்பலகையை நீங்களே எடுத்துச் செல்லுங்கள். முப்பது பேர் நாள் முழுவதும் ஏறி இறங்கும்போது அது மிச்சப்படுத்தும் நேரம் கொஞ்சமல்ல. பிச்சாவரம் கேட்கும் நால்வரும் படகில் போகட்டும். மற்றவர்களைச் சிதம்பரத்தில் விடுதி அறையில் இறக்கிவிட்டு, வண்டி அந்த நால்வரை மட்டும் அழைத்துப் போய்வரலாம். சுமார் 15 கிலோமீட்டர்தான். மாலை நடை திறப்பதற்குள் அவர்கள் திரும்பிவிடுவார்கள்.