வில்லு வீடு (குடும்பக் குழு)

மணி: [புகைப்படம்]
மணி: மாமா, வில்லுப்பாட்டுக்குச் செஞ்ச புது வில்லு. நாணு ஏத்தும்போ டப்புன்னு ஒரு சத்தம். வில்லோட இடது கையில, அது உக்காருற குடத்துல இருந்து ரெண்டு முழம் தள்ளி மரச் சிலாம்பு எழும்பியிருக்கு

தக்கலை மைனி: அய்யோ கோயில் கொடைக்கு எட்டு நாள்தானே இருக்கு

பெரியண்ணன்: செவ்வாக்கெழமை கொடை

சுசீந்திரம் சித்தி: யாரு கண்ணு பட்டுதோ

ஆசாரிபள்ளம் மாமா: கண்ணும் இல்ல ஒண்ணும் இல்ல. மரத்து ரேகை, நாரு ஓடுற போக்குதான். மணி, நாணை இறக்கியாச்சா? மொதல்ல அதைச் செய்யி. சிலாம்பைப் பிச்சுப் பாக்காத. குடத்துல உக்காருற வெளிமுகம் ஒண்ணு, ஓரம் ஒண்ணு, கிட்டக்க படம் எடுத்துப் போடு

மணி: இறக்கியாச்சு
மணி: [புகைப்படம்]
மணி: [புகைப்படம்]

பெரியண்ணன்: பந்தல் அட்வான்ஸ் யாரு குடுத்தா?

ஆசாரிபள்ளம் மாமா: ரெண்டாவது படத்தைப் பெருசாக்கிப் பாரு. ஓரத்துல கறுப்பு நாரு ஓடுதுல்லா? நுனியில இருந்து சாய்ஞ்சே வந்து, வெளிமுகத்துல அத்துப் போவுது. சிலாம்பு எழும்பினது சரியா அந்த எடத்துலதான். வில்லு வளையும்போ நாணு பக்கம் அமுங்கும், குடத்துப் பக்கம் இழுபடும். இழுபடுற முகத்துல நாரு முனைக்கு முனை முழுசா ஓடணும். நடுவழியில அறுந்து நின்னா அந்த முனை தூக்கும். மில்லுல அறுத்ததா, பிளந்து எடுத்ததா?

மணி: மில்லுல. பனைதான், நல்ல வைரம். பலகை நேரா இருந்துச்சே மாமா

ஆசாரிபள்ளம் மாமா: வாளு நேராப் போச்சு. நாரு நேராப் போவல.

தக்கலை மைனி: 😀

ஆசாரிபள்ளம் மாமா: பனையில இன்னொண்ணும் உண்டு. வைரம் தோலை ஒட்டித்தான் இருக்கும், உள்ள போவப் போவ மெத்துன்னு சோறு. வைரம் வெளிமுகமா இருக்கணும். நாரு சாய்ஞ்சிருக்க துண்டை வாளு நேரா அறுத்துட்டா ஒரு முனையில வைரம் மெலிஞ்சு சோறு மேல வந்துரும். உன் இடது கை வெளுத்திருக்கு பாரு. அந்தக் கை கூட வளையும், வலது கை விறைச்சு நிக்கும். தட்டினா ரெண்டு பக்கமும் ஒரே சத்தம் வராது.

சுசீந்திரம் சித்தி: அப்பா வில்லும் கோணல்தானே அண்ணே? அது எத்தனை கொடை பாத்துது

ஆசாரிபள்ளம் மாமா: கோணல்தான். அது ஆப்பு வச்சுப் பிளந்த மரம். கோணல் வேற, நாரு அறுபடுறது வேற. பக்கவாட்டுல பாம்பு மாதிரி நெளிஞ்ச கம்பாயிருந்தா அந்த நெளிவோடயே செதுக்கணும், நேராக்கப் பாக்கப்பிடாது. ரெண்டு முனைக்கும் நூல் பிடிச்சா அது குடத்து நடுவுல விழணும், அது போதும். வெளிமுகத்துல மேடு பள்ளம் இருந்தா மேட்டை இழைச்சுச் சமமாக்காத, அங்க நாரு அறுந்துரும். நாணு பக்கத்துல அதே மேட்டைப் பள்ளமா வாங்கி கனம் ஒரே மாதிரி வச்சுக்க. முறுக்கு ரேகைதான் ஆவாது. குடத்துல கட்டினா வில்லு உருளும், நாணு ஒருச்சாஞ்சு நிக்கும், நாணைத் தட்டுற வீசுகோல் வழுக்கும்.

பெரியண்ணன்: மாமா டைப் அடிச்சு முடிச்ச பொறவு பந்தல் விஷயம் பேசலாம்

ஷார்ஜா செல்வம்: இங்கிலாந்துல மேரி ரோஸ்னு ஒரு போர்க்கப்பல், 1545-ல முங்கினது. 1982-ல தூக்கினாங்க. அதுல யூ மரத்து வில்லு நூத்துக்கு மேல கெடச்சிருக்கு. சிலதுல கணுவும் நெளிவும் இருக்குமாம் மாமா

ஆசாரிபள்ளம் மாமா: இருக்கும். கணு வந்த எடத்துல நாரு அதைச் சுத்திப் போவும். அங்க மரத்தைக் கொஞ்சம் புடைப்பா விட்டுத்தான் செதுக்குவாங்க. பனைக்கு கிளை கெடையாது, அதனால அந்தத் தொல்லை இல்ல. மூங்கில்ல கணு உண்டு, தோல் பக்கக் கணுவை இழைச்சா அங்கயே ஒடியும்.

ஆசாரிபள்ளம் மாமா: மணி, ஒரு வேலை செய்யி. சிலாம்பு இல்லாத எடத்துல நல்லா தேய்ச்சுட்டு பேனா மை ஒரு சொட்டு வை. பால்பாயிண்ட் இல்ல, மை ஊத்துற பேனா. மை நாரு வழியா நீளமா இழுக்கும். அந்தக் கோட்டுல ஸ்கேல் வச்சு, பத்து அங்குலத்துக்கு எவ்வளவு விலகுதுன்னு சொல்லு. வெளிமுகத்துலயும் பாரு, ஓரத்துலயும் பாரு

தக்கலை மைனி: மை ஊத்துற பேனாவுக்கு எங்க போவ

சுசீந்திரம் சித்தி: பிள்ளை ஸ்கூல் பையில இருக்கும்

பெரியண்ணன்: வில்லுல கலர் துணி சுத்தப் போறதுதானே. சிலாம்பு உள்ள இருந்தா யாருக்குத் தெரியப் போவுது

ஆசாரிபள்ளம் மாமா: மருமவனே, துணிக்கு அடியில அது எந்திரிக்கிறது உமக்கும் தெரியாது. கதை நடக்கும்போ ஒடிஞ்சா பக்கத்துல இருக்க ஜால்ரா பையன் மூஞ்சி என்னாவும்

பெரியண்ணன்: செரி செரி

மணி: மாமா ஓரத்துல ஒண்ணேகால் அங்குலம் விலகுது. வெளிமுகத்துல அரைதான்

ஆசாரிபள்ளம் மாமா: ஓரத்துக் கணக்கு எட்டு அங்குலத்துக்கு ஒண்ணு. மரப் பலகைக்குச் சொல்ற கணக்கு என்னன்னா, இருபதுக்கு ஒண்ணு சாய்ஞ்சா பெரிசா ஒண்ணும் இல்ல. பத்துக்கு ஒண்ணுன்னா வளைக்கிற பலத்துல அஞ்சுல ஒரு பங்கு போச்சு. அஞ்சுக்கு ஒண்ணுன்னா பாதிக்குப் பக்கம் போச்சு. அடி தாங்குறது இதைவிட வேகமாக் குறையும், வில்லுக்கு ராத்திரி பூரா அடிதான். வெளிமுகத்து அரை அங்குலம் பரவாயில்ல, அது பக்கவாட்டு நெளிவு. ஓரம்தான் கொல்லுது.

மணி: அப்போ இது ஆவாதா

ஆசாரிபள்ளம் மாமா: ஒப்பேத்தலாம். அரால்டைட் பசையை ஒரு மெல்லிசு தகட்டால சிலாம்புக்கு உள்ள விடு, அமுக்கு, வழிஞ்சதைத் துடை. அதுக்கு மேல பருத்தி நூலை இடைவெளி இல்லாம இறுக்கிச் சுத்து. சிலாம்பு தொடங்குறதுக்கு ரெண்டு அங்குலம் முன்னயும் முடிஞ்சு ரெண்டு அங்குலம் பொறவும். வலை நூல் வேண்டாம், நைலான் இழுபடும். ஒரு நாள் பூரா தொடாத. நாணை பழைய இறுக்கத்துக்கு ஏத்தாத, முக்கால் போதும். நாணு பக்கத்துல குறுக்க மடிப்பு மாதிரி கோடு இருக்கான்னும் பாரு, இருந்தா ஒட்டுற வேலையே வேண்டாம்

மணி: முக்கால்ல ஏத்துனா சத்தம் வருமா

ஆசாரிபள்ளம் மாமா: தொய்யும். வில்லுல கட்டின மணி குலுங்கும், ஆனா நாணு பேசாது

தக்கலை மைனி: புதுசு ஒண்ணு செய்யக் கூடாதா? எங்க வீட்டுக்குப் பின்னால மூங்கில் நிக்குது

ஆசாரிபள்ளம் மாமா: பச்சை மூங்கில் எட்டு நாள்ல ஆவாது மக்களே. ஈரத்தோட வளைச்சா வளைஞ்சபடியே நின்னுரும், நாணு தொங்கும். நிழல்ல காயணும், முனை ரெண்டுலயும் மெழுகு பூசணும், இல்லன்னா முனை வெடிக்கும். நம்ம ஊரு ரெண்டு மழைக்கும் நனையுற ஊரு, நாள் கணக்கை நம்பாத. வாரத்துக்கு ஒரிக்கா எடை போடு, எடை குறையறது நின்னா காஞ்சாச்சு. அடுத்த கொடைக்கு வேணும்னா இப்பவே வெட்டிப் போடு

மணி: இதையே இன்னும் கொஞ்சம் இழைச்சு வலது கையையும் வளைய வச்சா?

ஆசாரிபள்ளம் மாமா: கனத்துல கை வைக்காத. பத்துல ஒரு பங்கு கனம் எடுத்தா விறைப்பு கால் பங்குக்கு மேல போயிரும். அகலத்துல எடு, எடுத்த அளவுக்குத்தான் போவும். பைய, பத்து இழுப்பு இழைக்கவும் வளைச்சுப் பாக்கவுமா. அதுவும் ஒட்டுனது காஞ்ச பொறவு

சுசீந்திரம் சித்தி: இவ்வளவு பாடு எதுக்கு. அப்பா வில்லு பெரியவன் வீட்டுலதானே கெடக்கு

ஷார்ஜா செல்வம்: 👀

பெரியண்ணன்: கெடக்கல. வச்சிருக்கேன்

ஆசாரிபள்ளம் மாமா: எங்க வச்சிருக்கீரு? மாடியில ஷீட்டுக்கு அடியிலயா? அந்தச் சூட்டுல பனை வெடிக்கும். அப்பா அதை நாணு இறக்கி, படுக்க வச்சுத்தான் பரண்ல வைப்பாரு

பெரியண்ணன்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

தக்கலை மைனி: நான் படிச்சுட்டேன்

பெரியண்ணன்: தாத்தா வில்லைக் கொண்டாரேன்னே வையுங்க. குடம் யாரு வீட்டுல இருக்கு மாமா?

சுசீந்திரம் சித்தி: ஆமா அண்ணே குடம்?

ஆசாரிபள்ளம் மாமா: குடம் பத்திரமா இருக்கு. வியாழன் வெள்ளனே வாரேன். மணி, அதுக்குள்ள ஒட்டி வை. தாத்தா வில்லு வந்தா அதுக்கும் மை வச்சுப் பாக்கணும்

பெரியண்ணன்: அதுல மை கிய் வைக்கப்பிடாது

மணி: மாமா பருத்தி நூல் எத்தனாம் நம்பர்?

தக்கலை மைனி: பந்தல்காரர் திரும்ப கூப்பிடுறாரு. யாராவது எடுங்க