அரைச் சுற்றோடு நின்றுவிடும் புல்வெட்டி எஞ்சின்

நண்பர்களே, வணக்கம். ஒஹாயோவில் இருக்கிறேன். உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி வண்டி, ஒற்றை சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். குளிர்காலம் முழுக்கக் கொட்டகையில் கிடந்தது. இப்போது ஸ்டார்ட் ஆக மறுக்கிறது.

சாவியைத் திருப்பினால் அரைச் சுற்று சுற்றி, எதிலோ முட்டியதுபோல் நின்றுவிடுகிறது. பேட்டரி 12.6 வோல்ட் காட்டுகிறது. முனைகளில் பூத்திருந்த பச்சைக் களிம்பைச் சுரண்டி, எர்த் வயரையும் இறுக்கிவிட்டேன். ஆள் உட்காராமலோ பிரேக் மிதிக்காமலோ ஸ்டார்ட் ஆகாதபடி தடுக்கும் சீட் சுவிட்ச், பிரேக் சுவிட்ச் என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம். அவை பழுதானால் இப்படிப் பாதியில் முட்டி நிற்காது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டுத் திருப்பினால் தடையே இல்லாமல் சுற்றுகிறது!

என் சந்தேகம் வால்வு இடைவெளி மீதுதான், அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளித் திறக்கும் கைக்கும் நடுவே உள்ள சிறு இடைவெளி. அது கூடிவிட்டால், ஸ்டார்ட் செய்யும்போது சிலிண்டரின் அழுத்தத்தைத் தளர்த்தும் அமைப்பு வேலை செய்யாது. ஸ்டார்ட்டர் முழு அழுத்தத்தோடு மல்லுக்கட்ட வேண்டியதுதான். கடைக்காரரோ வண்டியைப் பார்க்காமலேயே புது ஸ்டார்ட்டர் போடச் சொல்கிறார்.

வால்வு மூடியைத் திறந்து ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்துச் சரிசெய்தவர்கள் சொல்லுங்கள். பிஸ்டன் உச்சிக்கு வந்தபின் கால் அங்குலம் கீழே இறக்கி அளக்க வேண்டும் என்கிறார்களே, பிளக் துளை வழியாக அதை எப்படிக் கணக்காகப் பிடிப்பது? வால்வு மூடிக்கு, எண்ணெய் கசியாமல் அடியில் வைக்கும் கேஸ்கெட்டைப் புதிதாகப் போடுவது கட்டாயமா? புல் முழங்காலைத் தொட்டுவிட்டது, நகராட்சி நோட்டீஸ் ஒட்டுவதற்குள் பதில் தந்தால் புண்ணியமாகப் போகும்.